ஜப்பானில் கலை படிக்கப் போகிறவர்களுக்கு: பேராசிரியரைத் தேடுவதிலிருந்து முதல் கண்காட்சி வரை

ஓவியமோ சிற்பமோ படித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜப்பான் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்பதுதான். அதைவிட உருப்படியான கேள்வி, "யாரிடம் படிப்பது?" என்பது. அங்கே கலைக்கல்வி ஒரு பேராசிரியரையும் அவருடைய பட்டறையையும் சுற்றியே நடக்கிறது. பாடத்திட்டம், கால அட்டவணை எல்லாம் உண்டு. ஆனாலும் உங்கள் கை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அறையும் அதில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும்தான். விசா, பணம், வீடு எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஆனால் எல்லாமே அந்தத் தேர்விலிருந்துதான் கிளைக்கின்றன.

நான் கியோட்டோவில் நிஹோங்கா படித்தேன். தாது நிறங்களையும் தோல் பசையையும் கொண்டு காகிதத்திலும் பட்டிலும் வரையும் ஜப்பானிய மரபு ஓவியம் அது. அதனால் உதாரணங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

1. துறையைப் பாருங்கள், பிறகு ஆளை

நம் ஊரில் பெயின்டிங் என்றால் ஒரே துறை. அங்கே எண்ணெய் ஓவியத்துக்கு ஒரு துறை, நிஹோங்காவுக்குத் தனித் துறை. இந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷின் முன்னின்று 1887இல் உருவாக்கிய தோக்கியோ கலைப்பள்ளியில் தொடக்கத்தில் மேற்கத்திய ஓவியமே கிடையாது. 1896இல்தான் அந்தத் துறை வந்தது. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. விண்ணப்பிக்கும்போதே எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும், நடுவில் மாறுவது கடினம்.

அந்தப் பள்ளிதான் 1949இல் இசைப்பள்ளியோடு சேர்ந்து இன்றைய தோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் ஆனது. எல்லோரும் கெய்தாய் என்றுதான் சொல்வார்கள். உயேனோ பூங்காவை ஒட்டி இருக்கிறது. கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகத்தின் வேர் 1880இல் தொடங்கிய ஓவியப் பள்ளி. 2023இல் மலையோர வளாகத்தை விட்டு கியோட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. தனியார் கல்லூரிகளில் முசாஷினோ, தாமா இரண்டும் பெரியவை. மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை படிக்க வேண்டுமென்றால் கியோட்டோ செய்கா. 2006இலேயே மங்காவுக்கென்று தனிப் புலம் தொடங்கியவர்கள் அவர்கள். அரக்கு, உலோக வேலை போன்ற கைவினைகளுக்கு கனஸாவாவைப் பாருங்கள். பிங்காதா சாயத்துணி வேலையில் ஆர்வம் இருந்தால் ஒகினாவாவில் ஷூரி கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாநிலக் கலைப் பல்கலைக்கழகம். பழைய சுவரோவியங்களைப் படியெடுப்பதில் நாட்டம் இருக்கிறவர்கள் ஐச்சி மாநிலக் கலைப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடக் கூடாது. ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் 1949 தீயில் கருகிப்போயின. அவற்றின் படிகளைக் காட்டுவதற்கென்றே இந்த வளாகத்தில் ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள்.

துறை முடிவானதும் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருடைய படைப்பையும் பாருங்கள். பெயருக்காக யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர் எந்தப் பொருளில் வேலை செய்கிறார், எந்த அளவில் செய்கிறார், அவருடைய பழைய மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள்: அவர் எப்போது ஓய்வு பெறுகிறார்? அறுபதைத் தாண்டிய பேராசிரியர் ஒருவரைப் பிடித்துவிட்டு, நீங்கள் முதுகலைக்குள் நுழையும் ஆண்டில் அவர் விடைபெற்றுப் போனால், அறிமுகமே இல்லாத ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவீர்கள்.

2. எந்த வாசல் வழியாக?

பள்ளி முடித்த கையோடு இளங்கலைக்குப் போவது மிகக் கடினமான வழி. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஈஜேயூ தேர்வு (ஜூன், நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை), அதற்கு மேல் கல்லூரியின் சொந்தச் செய்முறைத் தேர்வு, எல்லாம் ஜப்பானிய மொழியில். பென்சில் டிராயிங்குக்கென்றே அங்கே தனிப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகளே அவற்றில் ஓரிரு ஆண்டு தயாராகி, திரும்பத் திரும்பத் தேர்வு எழுதுகிறார்கள். இந்த வழியில் போகிறவர்கள் முதலில் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்து, கூடவே டிராயிங் பயிற்சியும் எடுப்பதுதான் வழக்கம்.

உங்கள் கல்லூரிக்கு ஜப்பானில் ஒப்பந்தம் இருந்தால் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ பரிமாற்ற மாணவராகப் போகலாம். செலவு குறைவு, ருசி பார்க்க நல்லது.

நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது மூன்றாவது வழி: இளங்கலை முடித்துவிட்டு கென்க்யூசெய், அதாவது ஆய்வு மாணவராகப் போவது. இதில் பட்டம் கிடையாது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஒரு பேராசிரியரின் கீழ் பட்டறையில் இருந்து, மொழியைத் தேற்றிக்கொண்டு, முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராவீர்கள். "பட்டமே இல்லாத படிப்புக்கு ஒரு வருஷமா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த ஆண்டு இல்லாமல் நேராக முதுகலைக்குள் போனால், முதுகலையின் முதல் ஆண்டு முழுக்கப் பசை காய்ச்சக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். வீட்டுக்கு இந்தப் பதிலையே சொல்லுங்கள்.

3. பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஆய்வு மாணவராக விண்ணப்பிக்கப் பெரும்பாலான இடங்களில் பேராசிரியரின் முன்சம்மதம் வேண்டும். இதைப் பெறுவதற்கு எழுதும் முதல் மின்னஞ்சல்தான் முழு விண்ணப்பத்திலும் முக்கியமான பக்கம்.

சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார், எங்கே என்ன படித்தீர்கள், அவருடைய எந்தப் படைப்பை எங்கே பார்த்தீர்கள், அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது, அவரிடம் வந்து என்ன செய்ய நினைக்கிறீர்கள், எந்த மாதத்திலிருந்து, யார் செலவில். இவ்வளவு போதும். "உங்கள் மகத்தான நாட்டின் பண்பாட்டில் சிறுவயது முதலே ஈர்ப்பு" என்ற வரியை எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். ஜப்பானிய மொழியில் எழுத முடிந்தால் எழுதுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் முதல் சில வரிகளாவது ஜப்பானியத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அது குப்பை அஞ்சலோடு சேர்ந்து போக வாய்ப்பு அதிகம்.

கூடவே போர்ட்ஃபோலியோ. பத்துப் பதினைந்து படைப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைப்பு, பொருள், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு. ஓவியத்தை நேராக, ஓரம் வெட்டாமல் படமெடுங்கள். ஒன்றிரண்டுக்கு நெருக்கமான படமும் வையுங்கள், மேற்பரப்பைப் பார்க்காமல் இவர்களுக்குத் திருப்தி வராது. பத்து வகை ஸ்டைல் காட்டுவதைவிட ஒரே தேடலின் பத்துக் கட்டங்களைக் காட்டுவது மேல்.

அடுத்தது ஆய்வுத் திட்டம். "ஜப்பானியக் கலையைக் கற்க விரும்புகிறேன்" என்பது திட்டம் ஆகாது. இந்தியாவிலிருந்து போகிறவருக்குச் சொந்தமாகப் பிடிக்கக்கூடிய இழைகள் நிறைய இருக்கின்றன. ஒகாகுராவின் மாணவர்களான யோக்கோயாமா தாய்க்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1903இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களிடமிருந்துதான் வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் ஈரக் கழுவல் (வாஷ்) முறையை எடுத்துக்கொண்டார். அராய் கம்போ என்ற ஜப்பானிய ஓவியர் அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுத்தார். இன்னொரு ஓவியர் நோசு கோசெத்சு 1930களில் சாரநாத்தில் இருந்து மூலகந்தகுடி விகாரையின் சுவர்களை வரைந்தார். துணி வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளும் கோடுபோட்ட பருத்தியும் கப்பல்கள் வழியாக ஜப்பான் போய், தேநீர்ச் சடங்கின் பொருள்களைப் பொதிந்து வைக்கும் மதிப்புள்ள துணிகளாகின. சராசா என்ற பெயரில் அவற்றின் துண்டுகளை அங்கே அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்தோ மசூலிப்பட்டினத்திலிருந்தோ போன துணியை கியோட்டோ சாயக்காரர்கள் எப்படித் தங்கள் வழியில் செய்து பார்த்தார்கள் என்று ஒரு திட்டம் எழுதினால், எந்தப் பேராசிரியரும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவார்.

எப்போது அனுப்புவது? ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேண்டாம். நுழைவுத் தேர்வு, பட்டமளிப்புக் கண்காட்சி, ஆண்டு முடிவு எல்லாம் அப்போதுதான், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மே, ஜூன் நல்ல நேரம். பதில் வரவில்லையென்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். ஒரே துறையில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்கள்.

4. பணம்

ஜப்பான் அரசின் கல்வி அமைச்சு தரும் மெக்ஸ்ட் உதவித்தொகைதான் முதலில் முயல வேண்டியது. ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென், முதுகலையில் 1,44,000. கல்விக் கட்டணம் கிடையாது, போகவர விமானச் சீட்டும் அவர்களே தருகிறார்கள். 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். தூதரகம் வழியாக விண்ணப்பிப்பதென்றால் ஏப்ரல், மே வாக்கில் அறிவிப்பு வரும். ஆவணச் சரிபார்ப்பு, மொழித் தேர்வு, நேர்முகம் என்று கோடையிலும் மழைக்காலத்திலும் ஓடும். அதில் தேறியவர்கள்தான் சான்றிதழோடு பல்கலைக்கழகங்களிடம் ஏற்புக் கடிதம் கேட்கிறார்கள். போய்ச் சேர்வது அடுத்த ஆண்டு. சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது, இலங்கையில் கொழும்புத் தூதரகம். அறிவிப்பை அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள், முகவர்களை நம்ப வேண்டாம். நேர்முகத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் கலைக்காரர்களாக இருக்க மாட்டார்கள். அரக்கு வேலை தெரியாத ஒருவருக்கு உங்கள் திட்டத்தை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

சொந்தச் செலவில் போகிறவர்களுக்கான கணக்கு இது. தேசியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000. கெய்தாய் 2019இல் ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 ஆக்கியது. ஆய்வு மாணவருக்கு மாதம் 29,700, சேர்க்கைக்கு 84,600 என்பது பொதுவான தொகை. தனியார் கலைக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 15 லட்சம் யெனைத் தாண்டும். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கில் எல்லோரும் விடுவது பொருள் செலவு. தாது நிறங்களை 15 கிராம் அளவில் விற்கிறார்கள். செயற்கைத் தாது நிறம் சில நூறு யெனுக்குள் வரும். அஸுரைட் என்ற நீலக் கனிமத்தை அரைத்த இயற்கை நீலம் என்றால் அதே 15 கிராமுக்கு ஆயிரக்கணக்கில் போகும். ஒரு பெரிய பலகையை அதில் நிரப்ப நினைத்தால் வாடகையைத்தான் பூச வேண்டியிருக்கும்.

மாணவர் விசாவில் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதி விண்ணப்பத்தை விமான நிலையத்தில் இறங்கியவுடனேயே கொடுத்துவிடலாம், பிறகு அலைய வேண்டியதில்லை. 28 மணி என்பதைச் சொந்தச் செலவுக்கு மட்டும் நம்புங்கள், கட்டணம் கட்ட நம்பாதீர்கள். ராத்திரி கன்வீனியன்ஸ் ஸ்டோரில் நின்றுவிட்டு வந்து காலையில் கோடு இழுத்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

5. மொழி

கலைக்கு மொழி எதற்கு என்று நினைக்க வேண்டாம். பட்டறையில் ஆங்கிலம் அநேகமாக ஓடாது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். போகும்போது என்4 நிலையாவது இருக்கட்டும், முதுகலைத் தேர்வுக்குள் என்2 பக்கத்தில் வர வேண்டும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் நடத்துகிறது, வகுப்புகளும் அங்கேயே உண்டு. தமிழ் பேசுகிறவர்களுக்கு வாக்கிய அமைப்பு அவ்வளவு படுத்தாது. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், எல்லாம் பழகின ஒழுங்குதான். கஷ்டம் கான்ஜி என்ற சீன எழுத்துகளில். தேர்வுப் புத்தகத்தோடு நிறுத்தாமல், உங்கள் தொழிலுக்கான சொற்களைத் தனியாக ஒரு நோட்டில் சேருங்கள்: பசை, சல்லடை, ஈரப்பதம், விரிசல், உலர்தல், ஓரம். தேர்வில் வராத இந்தச் சொற்களைத்தான் நாள் முழுக்கப் பேசுவீர்கள்.

6. இறங்கிய முதல் இரண்டு வாரம்

கல்லூரி ஏற்றுக்கொண்டதும் அவர்களே குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பார்கள். அது கையில் வந்த பிறகு விசா எடுப்பது சுலபம். நரிதா, ஹனேதா, கான்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் ஸாய்ர்யூ கார்டு என்ற குடியிருப்பு அட்டையை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அதே இடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள், மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும்தான் நம் கையிலிருந்து போகும். 20 வயதைத் தாண்டியவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்தாக வேண்டும். வருமானம் இல்லாத மாணவர் என்று சொல்லி விலக்குக் கேட்கும் படிவத்தை அன்றைக்கே வாங்கி எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் மாதாமாதம் பில் வரும்.

அப்புறம் வீடு. முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத நன்றிப்பணம், தரகு, ஜாமீன் நிறுவனத்துக்குக் கட்டணம் என்று உள்ளே நுழையவே நாலைந்து மாத வாடகை ஆகிவிடும். முதல் ஆண்டுக்குக் கல்லூரி விடுதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு தொடங்கப் போன் நம்பர் கேட்பார்கள், போன் வாங்க வங்கிக் கணக்கு கேட்பார்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி தெரியும்.

ஆய்வு மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பட்டப்படிப்பு மாணவராக இல்லாததால் மாணவர் ரயில் பாஸும், தொலைதூர ரயிலின் 20 சதவீத மாணவர் சலுகையும் பெரும்பாலும் கிடைக்காது. சைக்கிள் தூரத்தில் வீடு பாருங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குத் தொல்லை தாஷி என்ற மீன்சாறு. காய்கறி சூப்பிலும் அது இருக்கும். சமைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. பருப்பும் மசாலாவும் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன.

7. பட்டறைக்குள்

முதல் நாள் பேராசிரியர் உங்களை அழைத்துப்போய் ஓர் இடத்தைக் காட்டுவார், "இது உங்களுடையது" என்பார், போய்விடுவார். அடுத்து அவரை இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். இதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொண்டு மனம் உடைந்தவர்கள் உண்டு. பாடம் நடக்கிறது, நடத்துகிறவர் வேறு ஆள். ஜோஷு என்ற உதவியாளரும், உங்களுக்கு முன்னால் சேர்ந்த செம்பாய்களும்தான் உங்கள் ஆசிரியர்கள். அவர்களாக வந்து சொல்லித்தர மாட்டார்கள். கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்டுவார்கள்.

கோஃபுன் என்ற வெள்ளையை எடுத்துக்கொள்வோம். சிப்பி ஓட்டைப் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் போட்டு, அரைத்து எடுத்த தூள் அது. குழாயைத் திறந்து பிதுக்குகிற வெள்ளை இல்லை. முதலில் பீங்கான் குழவிக்கல்லில் தூளை உலர்வாக அரைக்க வேண்டும், நறநறப்பு முழுதும் போகும்வரை. பிறகு நிகாவாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். நிகாவா என்பது மாட்டுத்தோல் பசை, நம் தச்சர்கள் முன்பு காய்ச்சிய வஜ்ஜிரம்தான். அதை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்துக் கரைத்திருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். தூளும் பசையும் சேர்ந்து, தொட்டால் காது மடல் போல் இருக்கும் பதம் வந்ததும் உருண்டை பிடித்து, வெள்ளைத் தட்டில் ஓங்கி அடிப்பார்கள். ஒரு நூறு முறை. பட்டறை முழுக்கச் சத்தம் கேட்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அப்புறம் அதைக் கயிறாக உருட்டித் தட்டில் வைத்து, வெந்நீர் ஊற்றிக் கசடை இறக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளை தயார். பூசும்போது அநேகமாக ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும்பி வரும். அதனால் கோஃபுனில் அவசரப்பட்டு இரண்டாவது கை பூசுகிறவர்களின் படம் மறுநாள் செதில் செதிலாகக் கிளம்பும்.

தாது நிறங்களுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடத் துகள் நுணுகும், நிறம் வெளிறும். ஒரே நீலம் 5ஆம் எண்ணில் மணல் போலக் கரகரவென்று இருண்டிருக்கும், 13இல் பால் கலந்தது மாதிரி வெளிறிவிடும். அஸுரைட்டை வாணலியில் வறுத்தால் கருநீலமாகும். இதையெல்லாம் பாடமாக யாரும் நடத்துவதில்லை. பக்கத்து மேசையில் யாராவது அடுப்பைப் பற்றவைக்கும்போது எழுந்து போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தோல் பசையைத் தொட மனமில்லாத சைவக்காரர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் கரைசலில் நிறத்தைக் குழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிஹோங்கா துறையில் அடிப்படைப் பயிற்சி முழுவதும் நிகாவாவில்தான். கோடையில் பசை சீக்கிரம் கெட்டு நாறும். பொது ஃபிரிட்ஜில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள், நாலைந்து நாளானால் கொட்டிவிடுங்கள்.

மற்ற துறைகளிலும் கை மாற வேண்டியிருக்கும். ஜப்பானிய ரம்பமும் இழைப்புளியும் தன்னை நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும். குயவர் சக்கரம் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றும், இடஞ்சுழியில் பழகிய கைகள் சில வாரம் தடுமாறும். அரக்குப் படிக்கிறவர்களுக்கு உருஷி என்ற மரப்பால் தோலில் பட்டு அரிப்பும் வீக்கமும் வருவது அநேகமாக நிச்சயம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், அதிகமானால் டாக்டரிடம் போங்கள். உருஷி வறண்ட காற்றில் உலராது, ஈரமான பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். சென்னைப் புழுக்கத்தைத் திட்டி வளர்ந்தவர்களுக்கு அது ஒரு நல்ல பாடம்.

நாளின் கடைசி அரைமணி துடைப்பம்தான். எவ்வளவு பெரிய கலைஞரானாலும் தன் தட்டைத் தானே கழுவி, தரையைப் பெருக்கிவிட்டுத்தான் போக வேண்டும். உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் உங்கள் ஓவியத்தைப் பார்த்து வருவதில்லை, கழுவுதொட்டியை எப்படி விட்டுப்போகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. தாது நிறத்தை நேராகச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, படியவிட்டு எடுக்க வேண்டும். எதை எங்கே என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

8. கோஹ்யோ

பருவ முடிவில் எல்லோருடைய படைப்புகளையும் வரிசையாக வைத்து ஆசிரியர்கள் விமர்சிப்பதைக் கோஹ்யோ என்கிறார்கள். முதலில் நீங்கள் பேச வேண்டும், ஐந்து நிமிடம் போல. கருத்தை விளக்குவதைவிட எப்படிச் செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: எந்தக் காகிதம், எத்தனை கை பூச்சு, எங்கே அழித்தீர்கள். அவர்கள் கேள்வியும் அங்கேதான் வரும். பலகையின் பக்கவாட்டை ஏன் இப்படி விட்டீர்கள் என்று ஒருவர் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருப்பார். படத்தின் கருவைப் பற்றி ஒரு சொல்கூட வராது. நம் பக்கத்தில் கருத்தைச் சொல்லியே மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு இது வெறுப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஓரத்தைத் திரும்பப் பார்க்கும்போது, படம் எங்கே நம்பிக்கை இழந்தது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

சக மாணவர்கள் அந்த இடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது கோஹ்யோ முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகும் இடத்தில்தான் வெளிவரும். களைப்பாக இருக்கிறதென்று அதைத் தவிர்க்காதீர்கள். குடிக்காதவர்கள் ஊலாங் டீ வாங்கிக்கொள்ளலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

9. பார்ப்பதற்கும் காட்டுவதற்கும்

தேசிய அருங்காட்சியகங்களுக்கு கேம்பஸ் மெம்பர்ஸ் என்று ஒரு திட்டம் உண்டு. உங்கள் கல்லூரி அதில் இருந்தால், அடையாள அட்டையைக் காட்டி நிரந்தரக் காட்சிகளை இலவசமாகப் பார்க்கலாம், சிறப்புக் கண்காட்சிகளுக்குச் சலுகை. இலையுதிர் காலத்தில் நாராவில் ஷோசோயின் கருவூலப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பார்கள். 8ஆம் நூற்றாண்டுப் பொருள்கள், ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் போலத்தான். எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

தோக்கியோவில் ஷின்ஜுகுவின் செகாய்தோ கடைக்கும் தென்னோஸுவின் பிக்மென்ட் கடைக்கும் ஒருமுறையாவது போங்கள். பிக்மென்டில் சுவர் முழுக்க நிறப்பொடிக் குப்பிகள்தான். வாங்காமல் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கியோட்டோவில் 1751இலிருந்து இருக்கும் உஎபா எஸோ நிறக்கடை, கோஃபுனைக் கொண்டு நகப்பூச்சும் செய்து விற்கிறது.

விடுமுறையில் கையில் காசில்லாமல் ஊர் பார்க்க ஒரு வழி, செதோ உள்கடல் தீவுகளிலும் நீகாத்தா மலைக்கிராமங்களிலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாக்களில் தொண்டராகச் சேர்வது. கோஎபி-தாய், கோஹெபி-தாய் என்று அந்தக் குழுக்களுக்குப் பெயர். புல் வெட்டுவீர்கள், டிக்கெட் கிழிப்பீர்கள், கிராமத்துப் பாட்டிகளோடு ஊறுகாய் சாப்பிடுவீர்கள். மொழி வகுப்பில் வராத ஜப்பானியம் அங்கே வந்துவிடும்.

உங்கள் படைப்பைக் காட்ட கஷி-காரோ என்ற வாடகைக் காலரிகள் இருக்கின்றன. கின்ஸாவில் ஒரு வாரத்துக்கு லட்சம் யெனைத் தாண்டும் என்பதால் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுப்பதுதான் மாணவர் வழக்கம். அஞ்சலட்டை அழைப்பிதழ் அச்சடித்து, மற்ற காலரிகளிலும் கடைகளிலும் கேட்டு வைத்துவிட்டு வர வேண்டும். காட்சி நடக்கும் நாள்களில் நீங்களே அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர் பதிவேட்டில் பெயர் எழுதுவார், இனிப்புப் பொட்டலம் ஒன்று தருவார், ஒன்றும் சொல்லாமல் ஒரே படத்தின் முன்னால் கால்மணி நேரம் நிற்பார். நீங்களாகப் போய் விளக்க வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். பதிவேட்டில் இருக்கும் முகவரிகளுக்குக் காட்சி முடிந்ததும் நன்றி அட்டை அனுப்புவது முக்கியம், அடுத்த காட்சிக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.

10. அடுத்த வாசல்

முதுகலைத் தேர்வு கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடங்களில் செப்டம்பர் வாக்கில், சில இடங்களில் ஜனவரி, பிப்ரவரியில். போர்ட்ஃபோலியோவோடு அசல் படைப்புகளையும் கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள், நேர்முகம் ஜப்பானிய மொழியில். ஆய்வு மாணவராக இருந்துகொண்டே வேறு கல்லூரிக்கும் எழுதலாம். ஆனால் பேராசிரியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், அவருக்கு மூன்றாவது ஆள் வழியாகத் தெரியக் கூடாது. தேறாமல் போனால் ஆய்வு மாணவர் காலத்தை நீட்டிக்க முடியுமா என்பதைச் சேரும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விசாவின் தேதியும் அதோடு சேர்ந்துதான் ஓடுகிறது.

தேர்வுக்குப் படம் கொண்டுபோகும்போது ஒரு விஷயம்: தாது நிறம் கனமாகப் பூசிய படத்தைச் சுருட்டினால் வெடித்துவிடும், பலகையோடுதான் எடுத்துப்போக வேண்டும். நெரிசல் நேர ரயிலில் பெரிய பலகையோடு ஏற முடியாது. ஒருவர் வேன் வாடகைக்கு எடுத்து, நாலு பேருடைய படங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வேனில் உங்களுக்கும் ஓர் இடம் வேண்டுமென்றால் செம்பாயிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.